வரப்பு தாண்டிய எண்

காஞ்சிபுரத்தில் உத்திரமேரூர் பஸ் ஏறினால், பாலாற்றுப் பாலம் வருவதற்கு முன்னால் ஓரிக்கை. இந்தப் பெயருக்கு எங்கள் பக்கத்தில் ஒரு கதை உண்டு. திருமழிசை ஆழ்வாரின் சீடன் கணிகண்ணனைப் பல்லவ அரசன் நாடு கடத்தினான். சீடனோடு ஆழ்வாரும் கிளம்பினார். கிளம்பும்போது திருவெஃகாவில் பள்ளிகொண்டிருந்த பெருமாளிடம், பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு நீயும் வா என்றார். பெருமாள் அப்படியே செய்தார். மூவரும் ஓர் இரவு தங்கிய இடம் ஓரிரவிருக்கை. அதுவே தேய்ந்து ஓரிக்கை ஆயிற்று என்பார்கள். ஊர் இருண்டுபோனதைக் கண்டு அரசன் வந்து மன்னிப்புக் கேட்டான். பாயை மறுபடி விரித்துக்கொள் என்று ஆழ்வார் சொல்ல, பெருமாள் அதையும் செய்தார். அன்றிலிருந்து அவருக்குச் சொன்ன வண்ணம் செய்த பெருமாள் என்று பேர்.

அதே பஸ்ஸில் கடைசி வரை போனால் உத்திரமேரூர். அங்கே வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919-இலும் 921-இலும் வெட்டியவை. ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்கும் குடவோலை முறை அதில் இருக்கிறது. யார் பெயரை ஓலையில் எழுதலாம், யார் பெயரை எழுதக் கூடாது என்பதெல்லாம் குடத்தில் கை போடுவதற்கு முன்பே முடிவாகிவிடும். கால் வேலி இறை நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது வரம்புக்குள் இருக்க வேண்டும். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் கூடாது, அவருடைய உறவினரும் கூடாது. ஒன்றும் அறியாத சிறுவன்தான் ஓலையை எடுக்க வேண்டும். வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கி, சபை கேட்கப் படிக்க வேண்டும். முதலில் போட்ட விதிகள் போதவில்லை என்று இரண்டே ஆண்டில் திருத்தி மறுபடி வெட்டினார்கள்.

ஆட்கள் நல்லவர்கள் என்று நம்பி அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. தவறு நுழையக்கூடிய சந்துபொந்துகளை விதிமுறையே அடைத்துவிட வேண்டும் என்று நினைத்தார்கள்.

கணினிக்கு வேலை சொல்லும் மொழிகளின் கதையும் இந்த இரண்டு குணங்களுக்கு நடுவில்தான் எழுபது ஆண்டாக ஓடுகிறது. சொன்ன வண்ணம் செய்வது ஒன்று, செய்யும் முன் சரிபார்ப்பது இன்னொன்று. அந்தக் கதையில் நான் இங்கே பின்தொடரப் போவது ஒரு மிகச் சின்னப் பொருளை. நிரல் எழுதுபவர்கள் ‘பவுண்ட்ஸ் செக்’ என்பார்கள். நம் ஊர்ப் பேச்சில் வரப்பு.

விஷயம் எளிது. ஒரே வகைப் பொருள்களை வரிசையாக வைக்கக் கணினியின் நினைவகத்தில் அடுத்தடுத்த இடங்களை ஒதுக்குவோம். பேச்சில் அதை அரே என்போம், தமிழ்ப் பாடநூலில் அணி. பத்து இடம் ஒதுக்கிவிட்டுப் பதினோராவது இடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால் என்ன ஆகும்? வரப்பு உள்ள மொழி, அப்படி ஓர் இடமே இல்லை என்று நின்றுவிடும். வரப்பு இல்லாத மொழி, பக்கத்து வயலில் இருப்பதை நம்முடையது என்று எடுத்துக் கொடுக்கும். எழுதச் சொன்னால் பக்கத்து வயலிலேயே விதைத்தும் விடும்.

சொன்னதைக் கேள்வி கேட்காமல் செய்யும் இந்தப் பழக்கத்தின் வேர் கணினியைவிடப் பழையது, அதுவும் காஞ்சிபுரம் தறிக்காரருக்குத் தெரிந்த பொருளிலேயே இருக்கிறது. ஜக்கார்டு பெட்டி வைத்த தறியில் வரிசையாகக் கோத்த டிசைன் அட்டைகள் தொங்கும். அட்டையில் துளை இருந்தால் அந்த இழை தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. பிரான்ஸின் லியோன் நகரத்துப் பட்டு நெசவில் பூஷோன் 1725-இல் துளையிட்ட காகிதச் சுருளோடு தொடங்க, அவருக்குப் பின் ஃபால்கோன் அதை அட்டைகளாக்க, வோகான்சன் மேலும் திருத்த, இவர்கள் விட்ட இடத்திலிருந்து எடுத்து 1804 வாக்கில் ழகார் (நம் வழக்கில் ஜக்கார்டு) முடித்த பொறி இது. அட்டையில் ஒரு துளை தப்பாக விழுந்தால் தறிக்கு அது தெரியாது. புட்டாவின் இதழ் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் தப்பாகவே விழுந்துகொண்டிருக்கும். பிழையைக் கண்டுபிடிப்பது நெசவாளியின் கண்தான்.

லண்டனில் சார்லஸ் பாபேஜ் 1830-களில் இந்த அட்டைகளைத் தம் கணக்குப் பொறிக்கு இரவல் வாங்கினார். அந்தப் பொறியைப் பற்றி 1843-இல் குறிப்புகள் எழுதிய அடா லவ்லேஸ், அது தானாக எதையும் தோற்றுவிக்காது, நமக்குக் கட்டளையிடத் தெரிந்ததை மட்டுமே செய்யும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். திருவெஃகாவில் அது பெருமாளின் கருணை. பொறியிடம் அதுவே ஆபத்தாகவும் ஆகும், ஏனென்றால் சொல்கிறவர் ஆழ்வாராக இருப்பதில்லை.

வரப்பு போட்டவர் ஒருவரைத் தேடி, அடுத்த தாவல் கொழும்புக்கு. 1934-இல் அங்கே ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தில் டோனி ஹோர் பிறந்தார். தந்தை அரசு அதிகாரி, தாய் தேயிலைத் தோட்டக்காரரின் மகள். பையன் பின்னர் இங்கிலாந்து போய், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தது கிரேக்கமும் லத்தீனும் தத்துவமும். கடற்படைப் பணியில் ரஷ்ய மொழி கற்றார். அந்த மொழியால் மாஸ்கோ பல்கலைக்கழகத்துக்குப் போகும் வாய்ப்பு வந்தது. அங்கே மொழிபெயர்ப்புக்காகச் சொற்களை வேகமாக வரிசைப்படுத்த வழி தேடியபோது கிடைத்ததுதான் ‘குவிக்சார்ட்’. இன்றும் கணினி மாணவர் எவரும் அதைப் படிக்காமல் தப்ப முடியாது. ஊர் திரும்பி 1960-இல் எலியட் பிரதர்ஸ் என்ற சிறிய கணினி நிறுவனத்தில் சேர்ந்தார். ஆல்கால் 60 என்ற புதிய மொழியை எலியட் 803 கணினிக்குக் கொண்டுவரும் வேலை அவர் கைக்கு வந்தது. உடன் உழைத்தவர்களில் ஒருவரான ஜில் பிம் பின்னர் அவர் மனைவியானார்.

எழுதிய நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் மென்பொருளைக் கம்பைலர் என்பார்கள். அந்தக் கம்பைலரில் ஹோர் ஒரு கொள்கை வைத்தார். அணியின் எந்த இடத்தைக் கேட்டாலும், எத்தனை முறை கேட்டாலும், கேட்ட எண் எல்லைக்குள் இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். கணினி நேரம் தங்கம் விலை விற்ற காலம். அமெரிக்காவில் ஐபிஎம் 1957-இல் தந்த ஃபோர்ட்ரான் வேகத்தையே குறியாக வைத்திருந்தது. கையால் எழுதியதற்கு ஈடாகக் கம்பைலரால் எழுத முடியும் என்று அப்போது யாரும் நம்பத் தயாராக இல்லை.

சில ஆண்டு கழித்து வாடிக்கையாளர்களிடம் கேட்டார்கள்: நிரலைச் சோதித்து முடித்து, நிஜ வேலைக்கு ஓட்டும்போது இந்தச் சோதனையை அணைத்துவிட வசதி தரட்டுமா? வேண்டவே வேண்டாம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். நிஜ வேலையில்தான் இந்தப் பிழை எவ்வளவு அடிக்கடி வருகிறது என்று அதற்குள் அவர்கள் பட்டு அறிந்திருந்தார்கள். 1980-இல் டியூரிங் பரிசு பெற்ற உரையில் ஹோர் இதை நினைவுகூர்ந்தார். இருபது ஆண்டாகியும் மொழி அமைப்பவர்கள் இந்தப் பாடத்தைக் கற்கவில்லை, வேறெந்தப் பொறியியல் துறையிலாவது இத்தகைய முன்னெச்சரிக்கையைக் கைவிட்டால் சட்டமே தண்டித்திருக்கும் என்று வேதனையோடு சொன்னார்.

அமெரிக்காவின் பர்ரோஸ் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போனது. 1961-இல் அறிவித்த பி5000 கணினியில் வரப்பை வன்பொருளிலேயே கட்டியது. ஒவ்வோர் அணியோடும் அதன் நீளமும் ஒட்டிக்கொண்டே போகும். தாண்டினால் இயந்திரமே நிறுத்தும். இந்தியாவில் மென்பொருள் ஏற்றுமதியின் ஆரம்ப காலத்து டாடா பர்ரோஸ் என்ற பெயரை வயதில் மூத்த நிரலர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். அதில் வரும் பர்ரோஸ் இதுதான்.

ஆக 1960-களின் தொடக்கத்திலேயே மருந்து கையில் இருந்தது. பிறகு எப்படி அது தொலைந்தது என்பதுதான் இந்தக் கதையில் என்னை உறுத்தும் இடம்.

கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் 1967-இல் பிசிபிஎல் என்ற ஒல்லியான மொழியைச் செய்தார். அதை அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன் இன்னும் இளைக்கவைத்து பி என்றார். டென்னிஸ் ரிட்சி அதில் கொஞ்சம் சதை ஏற்றி 1972 வாக்கில் சி மொழி ஆக்கினார். அவர்களிடம் இருந்த முதல் பிடிபி-11 கணினியின் நினைவகம் 24 கிலோபைட். காலையில் வாட்ஸ்அப்பில் வரும் ஒரு பூங்கொத்துப் படத்துக்குக்கூட அது போதாது. அந்த இடத்துக்குள் ஒரு முழு இயங்குதளம் ஓட வேண்டும். சி மொழியில் அணி என்பது அதன் முதல் இடத்தின் முகவரி, அவ்வளவுதான். நீளத்தைக் கூடவே சுமக்கவில்லை. ஏழாவது பொருள் என்றால் முதல் முகவரியிலிருந்து ஆறு தள்ளிப் போ. அங்கே யார் நிலம் என்று கேட்காதே. நிரலரை நம்பு என்பதைப் பின்னாளில் அந்த மொழியின் தரக்குழுவே தன் கொள்கையாக எழுதி வைத்தது. அவர்கள் சூழலில் அது நியாயமான முடிவு என்றே நினைக்கிறேன். பத்துப் பேர் சேர்ந்து உழும் வயலுக்கு வரப்பு எதற்கு?

ஆனால் வயல் பத்துப் பேரோடு நிற்கவில்லை. அதற்குக் காரணம் ஒரு வழக்கு. பெல் ஆய்வகத்தின் தாய் நிறுவனமான ஏடி அண்ட் டி, தொலைபேசித் தொழிலைத் தவிர வேறு வியாபாரத்தில் இறங்கக் கூடாது என்று, அந்த வழக்கை முடிக்க 1956-இல் அமெரிக்க அரசோடு உடன்பாடு செய்திருந்தது. அதனால் சி மொழியில் எழுதிய யூனிக்ஸ் இயங்குதளத்தை விற்க வழியில்லை. பல்கலைக்கழகங்களுக்கு மிகக் குறைந்த கட்டணத்தில் மூலநிரலோடு நாடாவில் கொடுத்துவிட்டது. மாணவர்கள் படித்தார்கள், நகல் எடுத்தார்கள், மாற்றினார்கள், வேலைக்குப் போன இடமெல்லாம் கொண்டுபோனார்கள். ஹோரின் கம்பைலரும் பர்ரோஸ் இயந்திரமும் விலை கொடுத்து வாங்குவோருக்கு மட்டும் கிடைத்தன. சி மொழி கிட்டத்தட்ட இலவசமாக வந்தது. உலகம் வரப்பு இல்லாத நிலத்தைத் தேர்ந்தெடுத்தது என்று சொல்வதைவிட, அந்த நிலம்தான் பட்டா செலவில்லாமல் கைக்குக் கிடைத்தது என்று சொல்வது சரி.

விளைவு 1988 நவம்பர் 2-ஆம் தேதி தெரிந்தது. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டாப்பன் மோரிஸ் இணையத்தில் தானாகப் பரவும் ஒரு நிரலை விட்டார். யூனிக்ஸில் பயனரைப் பற்றி விசாரிக்கும் ஒரு சிறு சேவை, வரும் செய்தியை 512 பைட் இடத்தில் வாங்கிக்கொள்ளும். அவர் அனுப்பியது 536 பைட். மிச்சம் 24 பைட் பக்கத்து நிலத்தில் விழுந்தது, அடுத்து என்ன செய்வது என்று கணினி குறித்து வைத்திருந்த இடத்தின் மேலேயே. கணினி சொன்ன வண்ணம் செய்தது. அன்றைய இணையத்தில் ஆயிரக்கணக்கான கணினிகள் முடங்கின. அந்தச் சேவை வாசிக்கப் பயன்படுத்திய ‘கெட்ஸ்’ என்ற சி செயற்கூறுக்கு, வரும் செய்தியின் நீளத்தைக் கட்டுப்படுத்த வழியே கிடையாது. அதைத் தரத்திலிருந்து நீக்க 2011 வரை ஆயிற்று.

அந்த இருபத்துமூன்று ஆண்டில் எத்தனை பேர் அதைக் கற்றிருப்பார்கள்! தமிழ்நாட்டுக் கல்லூரி ஆய்வகங்களில் டர்போ சி-யின் நீலத்திரையைப் பார்த்து வளர்ந்தவர்களில் நானும் ஒருவன். ஐந்து மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி காண வேண்டும், அதுதான் முதல் பயிற்சி. எண்ணிக்கை பூச்சியத்தில் தொடங்கும் என்பதால் ‘ஐந்துக்குக் குறைவாக இருக்கும்வரை’ என்று எழுத வேண்டும். ‘ஐந்து வரை’ என்று எழுதிவிட்டேன். ஆறாவது மதிப்பெண்ணும் சேர்ந்து, சராசரி ஆயிரக்கணக்கில் கழித்தல் குறியோடு வந்தது. பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. மாலைவரை கூட்டலில் தப்பு தேடினேன். ‘கார்பேஜ் வேல்யூ வருது சார்’ என்பது அன்றைய ஆய்வகங்களின் தினசரிப் புகார். அந்தக் குப்பை எண் வேறொருவர் வீட்டுப் பொருள் என்று யாரும் எங்களுக்கு விளக்கவில்லை. கவனமாக எழுது என்றார்கள். கவனம் நல்லதுதான்; ஆனால் ஒரு லட்சம் வரியில் ஒவ்வொரு வரியிலும் ஒரு மனிதனிடம் அதைக் கேட்பது நியாயம் இல்லை.

வரப்பு வேறு பாதையில் திரும்பி வந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜேம்ஸ் காஸ்லிங் குழு 1991-இல் வீட்டுச் சாதனங்களுக்காக ஒரு மொழியைத் தொடங்கியது. அந்தச் சந்தை கைகூடவில்லை. அதற்குள் இணைய உலாவி பரவியது. முன்பின் தெரியாதவர் நிரல் நம் கணினிக்குள் வந்து ஓடும் காலத்தில் நிரலரை நம்பு என்ற கொள்கை செல்லாது. 1995-இல் ஜாவா வந்தபோது அணியின் எல்லைச் சோதனை அதன் அடிப்படை விதி. பயன்படுத்தி முடித்த இடத்தைத் தானே பெருக்கி எடுக்கும் காவலாளும் உண்டு. அது ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழிக்காக 1950-களின் இறுதியில் கண்ட யோசனை. சென்னையில் டைடல் பார்க் திறந்த காலத்துத் தலைமுறைக்குச் சோறு போட்டதில் இந்த மொழிக்குப் பெரிய பங்கு. ஆனால் இயங்குதளம், உலாவி, மறையாக்கம் போன்ற அடித்தளங்கள் சி-யிலும் அதன் வாரிசான சி++-இலுமே நின்றன. காவலாள் பெருக்க வரும்போது வேலை நிற்பதை அங்கே பொறுக்க முடியாது.

2014 ஏப்ரலில் அந்த அடித்தளம் விரிசல் விட்டது. இணையத்தின் பூட்டாக இருந்த ஓப்பன்எஸ்எஸ்எல்லில், இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று விசாரிக்கும் ஒரு சிறு வசதி. இத்தனை எழுத்து அனுப்புகிறேன், அப்படியே திருப்பிச் சொல் என்று கேட்க வேண்டும். நான்கு எழுத்தை அனுப்பிவிட்டு அறுபதாயிரம் என்று சொன்னாலும் அது நம்பி, பக்கத்து நினைவகத்தில் 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுத்தது. கடவுச்சொல்லும் சாவியும் அதில் இருக்கலாம். குறை ஒன்றே: கேட்ட நீளத்தை வந்த நீளத்தோடு ஒப்பிடவில்லை. ஹோர் எலியட் 803-இல் செய்த அதே ஒப்பீடு. தங்கள் மென்பொருளில் ஆண்டுதோறும் அடைக்கும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 விழுக்காடு நினைவகப் பிழைகள் என்று மைக்ரோசாஃப்ட் 2019-இல் சொன்னது.

இதற்கிடையே கனடாவின் வான்கூவரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்ட் 2006-இல் நின்றுபோனது. அதன் மென்பொருள் முடங்கியிருந்தது. 21-ஆவது மாடிக்குப் படியேறிய நிரலர் கிரேடன் ஹோர், ஒரு லிஃப்டைக்கூட முடங்காமல் ஓட்ட முடியவில்லையே என்ற எரிச்சலில் தொடங்கியது ரஸ்ட் மொழி. டோனி ஹோருக்கும் இவருக்கும் பெயரில்தான் ஒற்றுமை. கிரேடன் வேலை பார்த்த மொசில்லா நிறுவனம் பின்னர் ரஸ்டுக்கு ஆதரவு தந்து, 2015 மே 15-இல் முதல் நிலையான பதிப்பு வெளிவந்தது.

நம் ஊர் நில வழக்கிலேயே ரஸ்டை விளக்கலாம். ஒவ்வொரு நினைவகத் துண்டுக்கும் பட்டா ஒருவர் பெயரில் மட்டும். மற்றவர்கள் இரவலாகப் பயன்படுத்தலாம். சும்மா பார்ப்பதற்குப் பல பேர் வரலாம். உழுவதற்கு ஒரு சமயத்தில் ஒருவர்தான், அப்போது வேறு யாரும் உள்ளே இருக்கக் கூடாது. இரவல் முடியாமல் நிலத்தை விற்கவும் முடியாது. விற்ற நிலத்தைப் பழைய பத்திரத்தை வைத்துக்கொண்டு உழுவது சி மொழியில் வரும் இன்னொரு கொடிய பிழை. அது இங்கே நடக்காது. இத்தனையும் நிரல் ஓடுவதற்கு முன்பே, கம்பைலரின் மேசையில் பார்க்கப்படும். பத்திரம் சரியில்லாவிட்டால் பதிவே ஆகாது. பெருக்கும் காவலாள் தேவையில்லை. அணியின் எல்லை மட்டும், ஓடும்போது கேட்கக் கேட்கப் பார்க்கப்படும், 803-இல் போலவே. புதிய கண்டுபிடிப்பு என்று இதில் பெரிதாக எதுவும் இல்லை என்பதைக் கிரேடன் ஹோரே மறைத்ததில்லை. பழைய மொழிகளின் நல்ல யோசனைகளைத் தேடி எடுத்துக் கோத்தார்.

லினக்ஸ் 2022 டிசம்பரில் 6.1 பதிப்பில் ரஸ்டுக்குக் கதவு திறந்தது. ஆண்ட்ராய்டில் கூகுள் பழைய நிரலை அழித்து எழுதவில்லை. புதிதாக எழுதுவதை மட்டும் பாதுகாப்பான மொழிகளுக்கு மாற்றியது. 2019-இல் அதன் பாதுகாப்பு ஓட்டைகளில் 76 விழுக்காடாக இருந்த நினைவகப் பிழைகள் 2024-இல் 24 விழுக்காடு. எந்த மொழியில் எழுதலாம் என்று கேட்கும் இளைஞர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த எண்களைத்தான். வேகம், சம்பளம், வேலைவாய்ப்பு எல்லாம் பாருங்கள். அதற்கு முன் உங்கள் தவறு யார் நிலத்தில் போய் விழும் என்று பாருங்கள்.

பர்ரோஸின் பழைய யோசனையும் வீண்போகவில்லை, அதுவும் நம் பக்கத்திலேயே. சென்னை ஐஐடியில் வி. காமகோடி தலைமையில் ‘சக்தி’ செயலிகளை உருவாக்கிவரும் குழு, சி நிரல்களுக்கு நினைவகப் பாதுகாப்பை வன்பொருளிலேயே தரும் வடிவம் ஒன்றை 2019-இல் முன்வைத்தது. முகவரியோடு எல்லையும் சேர்ந்தே பயணிக்கும். இருக்கும் கோடிக்கணக்கான சி வரிகளை ஒரே நாளில் திருத்தி எழுத முடியாது என்பதால் இந்த வழியும் தேவைதான்.

ஓரிக்கையில் பள்ளி முடித்து வரும் பிள்ளைகளின் கணினி அறிவியல் புத்தகத்தைப் புரட்டினால் இந்தப் பயணம் இரண்டே ஆண்டில் சுருங்கிக் கிடக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் சி++. ஐந்து இடம் ஒதுக்கிவிட்டு ஆறாவதைக் கேட்டால் ஏதோ ஓர் எண் வந்து நிற்கும். பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான். அதே கேள்வியைக் கேட்டால் நிரல் நின்று, எந்த வரியில் பட்டியலின் எல்லை தாண்டியது என்று சிவப்பில் காட்டும். சிவப்பைக் கண்டதும் பிள்ளைகள் முகம் வாடுகிறது. வாடாதே, அது உனக்கு உதவி செய்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து வரி எண்ணைக் காட்டுவேன். கொஞ்சம் ஆர்வம் உள்ள பிள்ளை என்றால், நாம் பரவலாகப் பயன்படுத்தும் பைத்தானின் மூலநிரலைத் திறந்து, அந்தச் சோதனை நடக்கும் இடத்தையும் காட்டுவேன். கேட்ட எண் பூச்சியத்துக்குக் குறையவில்லையா, நீளத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் சில வரிகள். யாரோ ஒருவர் மறக்காமல் கையால் எழுதி வைத்தவை, சி மொழியில்.